பழைய பர்ஃபார்மன்ஸ் கார்: வாங்கிய பிறகு ஆகும் செலவு

புது கிரெட்டா வாங்கும் பணத்தில் பத்துப் பன்னிரண்டு வயதான ஜெர்மன் கார் ஒன்று கிடைக்கும். ஆறு சிலிண்டர், முந்நூறு குதிரைத்திறன், லெதர் சீட், சன்ரூஃப். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஏதாவது ஒரு கார் கன்சல்டிங் வாசலில் பளபளவென்று கழுவி நிறுத்தியிருப்பார்கள். விலையைக் கேட்டதும் "அட, இவ்வளவுதானா?" என்று தோன்றும். அந்த விலைக்குப் பிறகு வருகிற செலவுகளை முதல் முறை வாங்குகிறவருக்காக இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

அடிப்படை விஷயம் ஒன்றுதான். வயதாக ஆகக் காரின் விலை குறைகிறது, ஆனால் அதன் உதிரி பாகங்களின் விலை குறைவதில்லை. 60 லட்சத்துக்கு விற்ற கார் இன்று 15 லட்சத்துக்கு வந்துவிட்டது என்பதால் அதன் பிரேக் டிஸ்க்கையோ ஷாக் அப்சார்பரையோ யாரும் கால் விலைக்குத் தருவதில்லை. சொல்லப்போனால் வருஷா வருஷம் ஏறத்தான் செய்கிறது. நீங்கள் கொடுத்தது 15 லட்சம், பராமரிக்கப் போவது 60 லட்ச ரூபாய்க் காரை. விலை இப்படிச் சரிந்ததற்கே ஒரு காரணம் இதுதான். முந்தைய ஓனர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கை மாற்றிவிடுகிறார்கள். யானை வாங்குவதைவிடக் கட்டித் தீனி போடுவதுதான் கஷ்டம் என்று சும்மா சொல்லவில்லை.

இதில் சொகுசுக் கார் வேறு, வேகத்துக்காகவே செய்த பர்ஃபார்மன்ஸ் கார் வேறு. சொகுசுக் காரில் எலக்ட்ரானிக்ஸும் சஸ்பென்ஷனும்தான் பெரும்பாலும் செலவு வைக்கும். பர்ஃபார்மன்ஸ் காரில் அவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது: ஒவ்வொரு பாகமும் தன் எல்லைக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறது. டர்போ அழுத்தம் அதிகம், ஆயில் அதிகம் சூடாகும், டயரின் ரப்பர் மென்மையானது, பிரேக் பெரியது. வேகத்தைத் தருவது எதுவோ அதுவே சீக்கிரம் தேய்கிறது.

ஒரு காரை எடுத்துக் கணக்குப் போடுவோம்

பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. பி.எம்.டபிள்யூ எம்340ஐ காரை எடுத்துக்கொள்கிறேன். 2021 மார்ச்சில் 62.90 லட்சம் எக்ஸ்-ஷோரூம் விலையில் வந்தது. 3 லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ பெட்ரோல் என்ஜின், 387 குதிரைத்திறன், நான்கு சக்கர இயக்கம், 0-100 கி.மீ. வேகத்துக்கு 4.4 விநாடி. செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் இருக்கும் பி.எம்.டபிள்யூ ஆலையில் அசெம்பிள் செய்யப்படுகிற கார். எம் பர்ஃபார்மன்ஸ் என்ற பி.எம்.டபிள்யூவின் வேகக் கார் வகையில் இந்தியாவில் அசெம்பிள் செய்யப்பட்ட முதல் கார் இதுதான். நம்ம ஊரில்தானே செய்கிறார்கள், ஸ்பேர்ஸ் மலிவாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். பல பாகங்கள் இன்னும் இறக்குமதிதான்.

இனி வரும் தொகைகள் எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊரில், உங்கள் காருக்குக் கிடைக்கும் கொட்டேஷனை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கார் 45 லட்சத்துக்குக் கிடைத்தது, வருஷத்துக்கு 8,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள், மூன்று வருஷம் கழித்து 36 லட்சத்துக்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

எல்லோரும் முதலில் கேட்பது மைலேஜ். ஊருக்குள் கொஞ்சம், ஈசிஆரில் கொஞ்சம் என்று ஓட்டினால் லிட்டருக்கு 8 கி.மீ. எனலாம். 1,000 லிட்டர். 95 ஆக்டேன் பெட்ரோல் லிட்டர் 110 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 1.1 லட்சம். இன்ஷூரன்ஸ் 90,000. டயர் செட் 1.2 லட்சம், 25,000 கி.மீ. தாங்கும் என்றால் ஒரு வருஷப் பங்கு 38,000 சொச்சம். ஆயில், ஃபில்டர், சர்வீஸ் லேபர் 40,000. பிரேக் டிஸ்க்கும் பேடும் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து 1.5 லட்சம், 40,000 கி.மீ.க்கு ஒரு முறை என்றால் வருஷத்துக்கு 30,000. பேட்டரி, வைப்பர், அலைன்மென்ட் போன்ற சில்லறைக்கு 15,000. திடீர் ரிப்பேருக்கென்று எடுத்து வைக்கும் பணம் 1.5 லட்சம். கூட்டினால் சுமார் 4.73 லட்சம், மாதத்துக்கு 39,000 ரூபாய்க்கு மேல். இதில் லோன் இஎம்ஐ சேரவில்லை.

இதோடு கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்று இருக்கிறது, தேய்மானம். 45இல் வாங்கி 36இல் விற்றால் வருஷத்துக்கு 3 லட்சம். இதற்கு யாரும் பில் கொடுப்பதில்லை என்பதால் கணக்கில் விட்டுப் போய்விடும். சேர்த்தால் மொத்தம் 7.7 லட்சம் சொச்சம், கிலோமீட்டருக்கு 97 ரூபாய். அதில் பெட்ரோல் ஏழில் ஒரு பங்கு. "எவ்வளவு மைலேஜ் தரும்?" என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கேட்பார்கள், ஆனால் கவலைப்பட வேண்டிய இடம் அது இல்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்தால் செலவு குறையுமே என்று தோன்றலாம். 8,000 கி.மீ.யை 3,000 ஆக்கிப் பாருங்கள். பெட்ரோல் 41,000 ஆகும். பிரேக் 11,000 ஆகும். டயர் தேயாது, ஆனால் ரப்பர் இறுகிப்போய் ஆறு வருஷத்தில் மாற்றத்தான் வேண்டும், அது வருஷத்துக்கு 20,000. இன்ஷூரன்ஸ் அப்படியே இருக்கும். ஆயிலை எப்படியும் வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். தேய்மானத்தையும் குறைத்துப் போடுவதற்கில்லை. மொத்தம் 6.67 லட்சம், கிலோமீட்டருக்கு 222 ரூபாய். பாதிக்கும் குறைவாக ஓட்டியும் மிச்சமானது ஒரு லட்சம் சொச்சம்தான். இந்த மாதிரிக் காரின் செலவில் பெரும் பகுதி, அது நம் வீட்டில் நிற்பதற்கான செலவு.

டயரும் பிரேக்கும்

சாதாரணக் காரில் டயர் என்பது நான்கு வருஷத்துக்கு ஒரு முறை வரும் செலவு. இங்கே அப்படி இல்லை. எம்340ஐ போன்ற கார்களில் முன் டயர் ஒரு அளவு, பின் டயர் அதைவிட அகலம். அதனால் முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டிக்க முடியாது. பல பி.எம்.டபிள்யூ கார்களில் ரன்-ஃபிளாட் டயர் வரும், ஸ்டெப்னி இருக்காது. பஞ்சரானாலும் குறிப்பிட்ட தூரம் மெதுவாக ஓட்டிப் போகலாம் என்பது வசதிதான். ஆனால் பக்கச் சுவர் விறைப்பானது. நம் ஊர்க் குழியில் வேகமாக இறங்கினால் டயர் புடைத்துக்கொள்ளும், புடைத்த டயரை ரிப்பேர் செய்ய வழியில்லை. சிலர் ரன்-ஃபிளாட்டைக் கழற்றிவிட்டுச் சாதாரண டயர் போட்டு, டிக்கியில் காற்றடிக்கும் மெஷின் ஒன்றை வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது புத்திசாலித்தனமாகவே படுகிறது.

நான்கு சக்கர இயக்கம் இருந்தால் இன்னொரு சிக்கல். ஒரு டயர் மட்டும் புதிது, மற்றவை பாதி தேய்ந்தவை என்றால் சுற்றளவு மாறும். அந்த வித்தியாசத்தை, முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பாகம் ஓயாமல் சமாளித்துக்கொண்டே இருக்கும், கடைசியில் அது கெட்டுப்போகும். ஒற்றை டயர் மாற்றி மிச்சம் பிடிக்கப் பார்த்தால் அதைவிடப் பல மடங்கு செலவு வரும்.

வாங்கப் போகும் இடத்தில் டயரை நன்றாகப் பாருங்கள். பக்கவாட்டில் டாட் என்று ஆங்கிலத்தில் தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷத்தின் 23ஆம் வாரத்தில் செய்தது. நான்கும் ஒரே கம்பெனியா, ஏறத்தாழ ஒரே தேதியா என்று குனிந்து படியுங்கள். முந்நூறு நானூறு குதிரைத்திறன் காரில் இருப்பதிலேயே மலிவான டயர் மாட்டியிருந்தாலோ, நான்கும் நாலு பிராண்டாக இருந்தாலோ, கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே அந்த ஓனர் கை சுருக்கியிருக்கிறார் என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாத கியர்பாக்ஸ் ஆயிலுக்கு அவர் செலவு செய்திருப்பார் என்று நான் நம்ப மாட்டேன். சர்வீஸ் புத்தகத்தைவிட டயர் சொல்லும் சாட்சி எனக்கு முக்கியம்.

பிரேக் டிஸ்க்கின் விளிம்பில் விரலை வைத்துப் பாருங்கள், கார் ஓடி வந்த சூடு ஆறிய பிறகு. மேடாக ஒரு வரம்பு தட்டுப்பட்டால் டிஸ்க் தேய்ந்திருக்கிறது. குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள், மெக்கானிக் அளந்து சொல்வார். விலையுயர்ந்த போர்ஷ, மெர்சிடிஸ் ஏஎம்ஜி கார்கள் சிலவற்றில் கார்பன் செராமிக் பிரேக் இருக்கும். அது தேய்வது மெதுவாகத்தான், ஆனால் மாற்ற நேர்ந்தால் பல லட்சம். விளம்பரத்தில் அதைப் பெருமையாகப் போட்டிருந்தால், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்து பார்க்காமல் பேசாதீர்கள்.

காருக்கென்று இருக்கும் வியாதி

ஒவ்வொரு மாடலுக்கும் தெரிந்த பலவீனம் ஒன்றிரண்டு இருக்கும். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வதுதான் இந்த விஷயத்தில் வீட்டுப்பாடம்.

2007 முதல் 2013 வரை வந்த பி.எம்.டபிள்யூ எம்3இல் 4 லிட்டர் வி8 என்ஜின். 8,400 ஆர்பிஎம் வரை சுற்றும், சத்தம் கேட்டால் மயங்கிவிடுவீர்கள். அதில் கனெக்டிங் ராடும் கிராங்கும் சேரும் இடத்தில் இருக்கும் ராட் பேரிங் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தேய்வதாகப் பெயர் எடுத்தது. தேய்ந்து கிராங்கைக் கடித்துவிட்டால் என்ஜினே போச்சு. விவரம் தெரிந்த ஓனர்கள் சத்தம் வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே மாற்றிவிடுகிறார்கள். அந்தக் காரை வாங்கப் போனால் "ராட் பேரிங் மாற்றியாச்சா, பில் இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும்.

1990களின் இறுதியிலிருந்து 2008 வரை வந்த போர்ஷ 911 கார்களில் பலவற்றுக்கு என்ஜினுக்குள் இருக்கும் ஐஎம்எஸ் (இன்டர்மீடியட் ஷாஃப்ட்) என்ற பேரிங் இதே மாதிரித் தலைவலி. 2009 மாடலில் என்ஜினையே மாற்றி வடிவமைத்து அந்தப் பேரிங்கை எடுத்துவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே கார்தான். செலவு விஷயத்தில் ஒரு வருஷ வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எம்340ஐயின் என்ஜினுக்கு இப்படிக் கெட்ட பெயர் இல்லை, கெட்டியான என்ஜின் என்றே பெயர். அதற்காக ஒன்றுமே செய்ய வேண்டாம் என்றில்லை. அதன் எட்டு வேக கியர்பாக்ஸைச் செய்யும் இசட்எஃப் நிறுவனம் 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. கார் விற்பவர்களோ "லைஃப்டைம் ஆயில், தொடவே வேண்டாம்" என்பார்கள். முதல் ஓனர் வைத்திருக்கிற காலத்துக்கு அது சரிதான். இரண்டாவது மூன்றாவது ஓனராகப் போகிற நீங்கள் இசட்எஃப் பேச்சைக் கேளுங்கள். என்ஜின் ஆயிலும் அப்படித்தான். கம்பெனி சொல்லும் இடைவெளி நீளமானது, காரை நேசிக்கிறவர்கள் அதில் பாதியிலேயே மாற்றுகிறார்கள். சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் மலிவான பாதுகாப்பு அது.

பெட்ரோலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அதாவது இ20. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் அதைத் தாங்கும் ரப்பரும் சீலும் இருக்கும். அதற்கு முந்தைய காரென்றால் உங்கள் மாடலுக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று டேங்க் மூடியிலும் கையேட்டிலும் பாருங்கள்.

காகிதச் செலவு

தேர்டு பார்ட்டி பிரீமியம் இந்தியாவில் என்ஜின் சிசியைப் பொறுத்தது, குதிரைத்திறனைப் பொறுத்ததல்ல. 1500 சிசிக்கு மேல் எந்தக் காராக இருந்தாலும் 2022இல் நிர்ணயித்தபடி 7,897 ரூபாய், ஜிஎஸ்டி தனி. நான்கு லிட்டர் வி8க்கும் அதேதான். காசு பிடுங்குவது ஓன் டேமேஜ், அதாவது நம் காரின் சேதத்துக்கான பகுதி; அது காரின் ஐடிவியை (பாலிசியில் காருக்குப் போடும் மதிப்பு) ஒட்டி ஏறும். "பம்பர் டு பம்பர்" என்று நாம் சொல்லும் ஜீரோ டெப் பாலிசி வயதான காருக்குப் பல கம்பெனிகள் தருவதில்லை. அது இல்லாமல் முன் பம்பர் உடைந்தால் பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி விலை உங்கள் கையிலிருந்துதான். விலையைப் பேசுவதற்கு முன்பே ரிஜிஸ்ட்ரேஷன் நம்பரைக் கொடுத்து பிரீமியம் கேட்டுவிடுங்கள். கிளெய்ம் செய்யாததற்காகப் பழைய ஓனருக்குக் கிடைத்த தள்ளுபடி, அதாவது நோ-கிளெய்ம் போனஸ், உங்களுக்கு வராது, அது ஆளோடு போவது, காரோடு அல்ல. பெயர் மாற்றிய 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

அப்புறம் "டெல்லி வண்டி". டெல்லியில் 10 வருஷத்துக்கு மேற்பட்ட டீசல், 15 வருஷத்துக்கு மேற்பட்ட பெட்ரோல் கார்களுக்கு விதித்த தடையால் அங்கே பழைய கார் விலை விழுந்து, தெற்கே நிறைய வந்தன. விலை கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் பழைய ஆர்டிஓவிடம் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் ஓட்டினால் மறுபதிவு செய்து, தமிழ்நாட்டில் லைஃப் டாக்ஸ் கட்ட வேண்டும். 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு இங்கே 20 சதவீதம். பழைய காருக்கு வயதைப் பொறுத்துக் குறையும். குறைந்தாலும், கார் புதிதாக இருந்தபோது இருந்த விலையை வைத்துத்தான் கணக்கு என்பதால், மலிவாக வாங்கிய காருக்கு வரி மலிவாக வராது. டெல்லி விலைக்கும் சென்னை விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் கணிசமான பகுதி ஆர்டிஓ கவுண்டரிலேயே கரைந்துவிடும்.

வாங்கும் முன் நான் பார்க்கச் சொல்வது

இந்த வகைக் காரில் ஒரு தனி ஆபத்து உண்டு, ரீமேப். லேப்டாப்பை மாட்டி சாஃப்ட்வேரை மாற்றினால் எம்340ஐ போன்ற டர்போ காரில் குதிரைத்திறன் எக்கச்சக்கமாக ஏறும். "ஸ்டேஜ் 1", "ஸ்டேஜ் 2", புகை போகும் டவுன்பைப் குழாய், ஆக்ஸிலரேட்டரை விட்டால் பட்டாசு மாதிரி வெடிக்கும் சைலென்சர். ஆசை தீர ஓட்டிவிட்டு, விற்கும்போது பழைய சாஃப்ட்வேரை ஏற்றி ஒன்றுமே நடக்காத மாதிரி நிறுத்துவார்கள். என்ஜினும் கியர்பாக்ஸும் பட்ட பாடு மறையாது. அந்த பிராண்டுக்கென்று உள்ள ஸ்கேனரை மாட்டத் தெரிந்த மெக்கானிக்கால் பல நேரம் தடயம் கண்டுபிடிக்க முடியும். புதிதாக இருக்கும் போல்ட், அங்கங்கே ஸ்பானர் பட்ட தழும்பு, ஒரிஜினல் இல்லாத கிளாம்ப் ஆகியவையும் காட்டிக்கொடுக்கும். போர்ஷவில் இன்னும் வசதி, எந்த ஆர்பிஎம் எல்லையை எத்தனை முறை தாண்டியது என்று காரே பதிவு செய்து வைத்திருக்கும். அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கலாம். இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ கோவை செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயிலோ ஓட்டிய கார் என்றால் அதுவே குற்றமில்லை, நன்றாகப் பார்த்துக்கொண்டவர்களும் உண்டு. பிரேக், டயர், ஆயில் பில்களைக் கேளுங்கள்.

சென்னைக் காரென்றால் வெள்ளத்தையும் மறக்கக் கூடாது. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் என்று இரண்டு பெரிய வெள்ளத்தில் எத்தனையோ கார் மூழ்கின. சீட் பெல்ட்டை முழுக்க, கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவியிருப்பார்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறையோ புழுக்க வாடையோ இருந்தால் அங்கேயே நன்றி சொல்லிக் கிளம்பலாம். இத்தனை கம்ப்யூட்டர் உள்ள காரில் தண்ணீர் புகுந்தால் இன்று ஒன்று, அடுத்த மாதம் ஒன்று என்று வருஷக்கணக்கில் கோளாறு வந்துகொண்டே இருக்கும்.

பார்க்கப் போகும்போது என்ஜின் குளிர்ந்து இருக்கட்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், காலையில் முதல் ஸ்டார்ட்டில் வரும் சத்தத்தையோ புகையையோ நீங்கள் பார்க்கக் கூடாது என்று யாரோ நினைத்திருக்கலாம்.

எல்லாம் திருப்தியாக இருந்தால், டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அந்த பிராண்டில் பழகிய வொர்க்‌ஷாப் ஒன்றில் காரை லிஃப்டில் ஏற்றிக் காட்டுங்கள். கூலி சில ஆயிரம் ஆகும். "இந்த வருஷம் செய்ய வேண்டியது என்ன, அடுத்த வருஷம் என்ன" என்று விலையோடு எழுதி வாங்குங்கள். டயர் 1.2 லட்சம், முன் டிஸ்க் இவ்வளவு, லோயர் ஆர்ம் புஷ் இவ்வளவு என்று அந்தக் காகிதத்தில் வரும் கூட்டுத்தொகையைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசினால் விற்பவரால் மறுத்துப் பேசுவது கடினம். பேரத்தில் குறைந்த பணத்தை அந்தக் காருக்கென்று தனிக் கணக்கில் போட்டு வையுங்கள், முதல் ஆறு மாதத்திலேயே அதற்கு வேலை வரும். லிஃப்டில் ஏற்றவே சம்மதிக்காதவரென்றால், அவரிடம் விலையைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.